மோட்டார் படகு வாங்க ஆசையா? முதலில் துடுப்பைப் பிடியுங்கள்!

ஆனி பிறந்துவிட்டால் குற்றாலத்தில் சாரல். மலை உச்சியில் மேகம் வந்து உட்கார்ந்து கொள்ளும். தென்காசி பஸ் நிலையத்தில் நிற்க இடம் இருக்காது. கையில் துண்டு, பையில் எண்ணெய்ப் புட்டி, இடுப்பில் குழந்தை. இப்படித்தான் கூட்டம் வரும்.

பேரருவியில் தலையைக் கொடுத்தாயிற்று. ஐந்தருவியிலும் குளித்தாயிற்று. பசிக்குச் சாப்பிட்டும் ஆயிற்று. அதற்குப் பிறகு குழந்தைகள் ஒரே கேள்வியைத்தான் கேட்கும்.

"அப்பா, படகு?"

ஐந்தருவிக்குப் போகிற சாலையில் வெண்ணமடைக் குளம் இருக்கிறது. அங்கே தமிழ்நாடு சுற்றுலா வளர்ச்சிக் கழகத்தின் படகு குழாம் உண்டு. சீசனில் குளம் பெருகிய பிறகு படகு விடுவார்கள். காலால் மிதிக்கும் படகு இருக்கிறது. துடுப்புப் போடும் படகும் இருக்கிறது. பின்னால் மலை, மேலே மேகம், முகத்தில் சாரல். அரை மணி நேரம் போவதே தெரியாது.

ஒரு குடும்பம் இப்படிப் படகில் போய்விட்டு இறங்குகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். வளைகுடா நாட்டில் வேலை பார்த்துவிட்டு விடுமுறையில் வந்த தம்பி ஒருவர் அதில் இருக்கிறார். மிதித்து மிதித்து அவருக்குக் கால் வலிக்கிறது. அக்காள் கணவரிடம் பேச்சைத் தொடங்குகிறார்.

"அத்தான், நாமளே சின்னதா ஒரு படகு வாங்கிப் போட்டா என்ன? பின்னால ஒரு மோட்டார். கயித்த இழுத்தா பறக்கும்."

"வாங்கலாம் மாப்ள. அதப் போடுறதுக்குத் தண்ணி எங்க இருக்கு?"

தம்பி சிரித்துவிட்டார். ஆனால் அத்தான் கேட்டது வேடிக்கைக் கேள்வி அல்ல. முதல் படகு வாங்க நினைக்கிற எவரும் முதலில் கேட்க வேண்டிய கேள்வி அதுதான். பெரும்பாலோர் அதைக் கடைசியில் கேட்கிறார்கள். மோட்டாரின் குதிரைசக்தியை முதலில் கேட்கிறார்கள். அடுத்து வண்ணத்தைப் பார்க்கிறார்கள். பிறகுதான் படகு. தண்ணீரின் நினைப்பு, பணம் கொடுத்த பிறகு வருகிறது.

எந்தத் தண்ணீர்?

தென்காசி 2019 நவம்பர் 22 முதல் தனி மாவட்டம். அதற்குக் கடல் கிடையாது. ஆறும் குளமும் அணையும்தான். குற்றாலத்து அருவித் தண்ணீரைக் கொண்டுபோகிற சிற்றாறு படகு ஓட்டும் ஆறு அல்ல. வெள்ளம் வந்தால் பாய்ந்து போகும். வெயில் வந்தால் பாறை தெரியும். குண்டாறும் அடவிநயினாரும் பாசனத்துக்கு ஆன அணைகள்.

குளங்கள் உழவனுக்குச் சொந்தம் போன்றவை. தென்மேற்கு மழையில் கொஞ்சம் நிறையும், ஐப்பசி மழையில் மீதி நிறையும். பிறகு மடை திறந்து வயலுக்குப் போகும். சித்திரையில் பல குளங்களில் மாடு மேயும். நாலைந்து மாதம் மிதந்த படகு மீதி மாதங்களில் வீட்டு முற்றத்தில் கவிழ்ந்து கிடக்கும். கோழி அதன் அடியில் முட்டையிடும். இதையும் கணக்கில் சேர்த்துத்தான் விலை பேச வேண்டும்.

இன்னொன்று. குளம் அரசின் பொறுப்பில் இருப்பது. நீர்வளத் துறையோ உள்ளாட்சியோ அனுமதி தராமல் படகை இறக்க முடியாது. மோட்டார் பூட்டிவிட்டால் சட்டமும் கூடவே வரும். உள்நாட்டு நீரில் ஓடும் எந்திரப் படகுகளுக்கு 1917ஆம் ஆண்டில் செய்த சட்டம் ஒன்று இருந்தது. அதன் இடத்தில் 2021ஆம் ஆண்டில் புதுச் சட்டம் வந்திருக்கிறது. பதிவு, காப்பீடு எல்லாம் அதில் உண்டு. மோட்டார் சைக்கிளைப் பதிவு செய்யாமல் சாலையில் ஓட்டுவோமா? அது போலத்தான்.

குளத்தில் கொடிகளும் இருக்கும். தாமரைத் தண்டு, ஆகாயத்தாமரை வேர், பாசி. மோட்டாரின் விசிறி இவற்றைக் கண்டால் விடாது, சுற்றிக் கொள்ளும். நடுக்குளத்தில் மோட்டார் நின்றுவிட்டால், புதிதாகப் பழகுகிறவர் பின்பக்கம் குனிந்து கொடியை அறுக்கப் பார்ப்பார். எல்லாப் பாரமும் ஒரு மூலைக்குப் போகும். விபத்துக்கு அது ஒரு வழி.

இந்த வட்டாரத்துக்கே உரிய ஒரு சங்கதியும் உண்டு. அது காற்று. ஆரியங்காவுக் கணவாய் வழியாக ஆனியிலும் ஆடியிலும் மேல்காற்று பாய்ந்து வரும். தென்காசியைச் சுற்றிக் காற்றாலைகள் நிற்பது எதனால்? இந்தக் காற்றினால்தான். குளத்தில் தண்ணீர் இருக்கிற சமயமும் காற்று அடிக்கிற சமயமும் இங்கே ஒன்றாக வருகின்றன. காற்றடைத்த ரப்பர் படகை வாங்கி வருகிறவருக்கு இது தெரிவதில்லை. எடை இல்லாத படகைக் காற்று பந்து போல் தள்ளிக்கொண்டு போய் எதிர்க்கரையில் விடும். துடுப்புப் போட்டுத் திரும்பி வர முடியாது.

அப்படியானால் தென்காசிக்காரர் படகே வாங்கக் கூடாதா? வாங்கலாம். மலையைத் தாண்டினால் கொல்லம். அங்கே அஷ்டமுடிக் காயல் இருக்கிறது. கிழக்கே போனால் தூத்துக்குடிக் கடற்கரை. அங்கெல்லாம் உறவு இருந்து, அடிக்கடி போகிறவராகவும் இருந்தால் படகு வீண் போகாது. ஆனால் காயலுக்கு ஒரு படகு, கடலுக்கு ஒரு படகு, குளத்துக்கு ஒரு படகு. மூன்றுக்கும் ஒரே படகு என்று யாராவது சொன்னால் அவர் விற்கிறவராக இருப்பார்.

ஐஸ்கிரீம் உருகிய கதை

படகின் பின்னால் மாட்டுகிற மோட்டாருக்கு ஒரு சுவையான கதை உண்டு.

ஓலே எவின்ரூடு என்று ஒருவர். நார்வே நாட்டில் 1877ஆம் ஆண்டு பிறந்தவர். சிறுவயதிலேயே அமெரிக்கா போய்விட்டார். 1906ஆம் ஆண்டு கோடையில் விஸ்கான்சின் மாநிலத்து ஏரி ஒன்றுக்குப் போயிருந்தார். கூட வந்த பெஸ் என்ற பெண் ஐஸ்கிரீம் வேண்டும் என்றாராம். எவின்ரூடு ஏரியைத் துடுப்புப் போட்டுக் கடந்து வாங்கி வந்தார். வந்து சேர்வதற்குள் ஐஸ்கிரீம் தண்ணீராகிவிட்டது! துடுப்புக்குப் பதில் ஒரு மோட்டார் இருந்தால் என்ன என்று அன்றைக்குத்தான் அவருக்குத் தோன்றிற்று என்று சொல்வார்கள். பிறகு பெஸ் அவருடைய மனைவியானார். வியாபாரத்தையும் அந்த அம்மாளே கவனித்துக் கொண்டார்.

1909ஆம் ஆண்டு அவர்கள் விற்கத் தொடங்கிய மோட்டாருக்கு ஒன்றரைக் குதிரைசக்தி. எடை 28 கிலோ. உலகமே திரும்பிப் பார்த்த மோட்டாருக்கு ஒன்றரைக் குதிரைசக்திதான்! துடுப்புப் படகை இழுக்க அது போதுமாக இருந்தது. இன்றைக்கு முதல் படகு வாங்குகிறவர் இருபதும் முப்பதும் கேட்கிறார்.

அதே நார்வே நாட்டுக்காரர்கள் நம் பக்கத்துக்கும் வந்தார்கள். 1952ஆம் ஆண்டு இந்தியாவும் நார்வேயும் ஐக்கிய நாடுகள் சபையும் ஓர் ஒப்பந்தம் செய்தன. அடுத்த ஆண்டு கொல்லத்துக்கு அருகே நீண்டகரையில் வேலை தொடங்கிற்று. செங்கோட்டையில் ரயில் ஏறினால் போய்ச் சேரும் தூரம்தான். மீனவர்களின் வள்ளங்களுக்கு எந்திரம் பொருத்துவது அவர்கள் திட்டம். ஆனால் துடுப்புக்கும் பாய்க்கும் என்று குடைந்த வள்ளத்துக்கு எந்திரம் ஒத்துவரவில்லை. கடைசியில் எந்திரத்துக்கு ஏற்ற புதுப் படகுகளையே கட்ட வேண்டியதாயிற்று. படித்த எஞ்சினியர்களே இந்தப் பாடத்தைப் பட்டுத்தான் கற்றார்கள். இருக்கிற படகில் கிடைத்த மோட்டாரை மாட்டிவிடலாம் என்று நினைக்கிறவர் அதை மறக்கக் கூடாது.

முட்டத்துப் படகு

நம்முடைய மீனவர்களின் பழைய படகு கட்டுமரம். அந்தச் சொல்லை வெள்ளைக்காரர்கள் எடுத்துக் கொண்டு போய்த் தங்கள் மொழியில் வைத்துக் கொண்டார்கள். கட்டுமரத்துக்கு ஒரு பெரிய குணம் உண்டு. அது மூழ்காது. மரங்களைச் சேர்த்துக் கட்டியதுதானே! உள்ளே குழி இல்லை. அலை மேலே ஏறினால் இடுக்கு வழியாக வடிந்துவிடும். கவிழ்ந்தால் பிடித்துக் கொள்ளலாம். புதிதாகப் பழகுகிறவருக்கு ஒரு படகில் வேறு என்ன வேண்டும்?

நாளாக ஆகக் கட்டுமரத்துக்கு ஏற்ற மரம் கிடைப்பது அருமையாயிற்று. விலையும் ஏறிற்று. குமரி மாவட்டத்து முட்டத்தில் 1980ஆம் ஆண்டுகளின் தொடக்கத்தில் ஒட்டுப்பலகைப் படகு கட்டினார்கள். பெல்ஜியம் நாட்டுப் பாதிரியார் பியர் ஜில்லே அதில் முன்னின்றார். சிறிய படகுதானே, எளிதாகக் கட்டிவிடலாம் என்று நினைத்தால் அப்படி இல்லை. கரையில் அலை அடிக்க வேண்டும், கடலில் மிதக்க வேண்டும், மீனவர் தூக்க முடிய வேண்டும், விலையும் கட்டுப்பட வேண்டும். 1985ஆம் ஆண்டு அந்த அனுபவத்தை அவர் ஒரு புத்தகமாக எழுதினார். சிறியது என்றாலே கடினம் என்று பொருள்படும்படி அதற்குத் தலைப்பும் வைத்தார்.

இன்று கடற்கரை எங்கும் ஃபைபர் படகுகள். முப்பதடிக்குச் சற்றுக் குறைவான படகைப் பல ஊர்களில் பத்துக் குதிரைசக்தி மோட்டாரை வைத்துக் கொண்டே ஓட்டுகிறார்கள். நாலு பேர், வலை, மீன் எல்லாம் அதில் வரும். அலையும் அதுதான், கடலும் அதுதான். கடலில் பிழைக்கிறவர்களுக்குப் பத்துப் போதும் என்றால், ஏரியில் குழந்தைகளை ஏற்றிக் கொண்டு சுற்றுகிறவருக்கு எத்தனை வேண்டும்?

எவ்வளவு மோட்டார் போதும்?

இங்கே ஒரு விஷயத்தைப் பொறுமையாகத் தெரிந்து கொள்ள வேண்டும். படகு ஓடும்போது தண்ணீரை விலக்கிக் கொண்டு போகிறது. முன்னால் ஒரு அலை எழும். பின்னால் ஒரு அலை எழும். இந்த இரண்டுக்கும் நடுவில் படகு சிக்கிக் கொள்கிறது. படகின் நீளம் எவ்வளவோ அதற்குத் தக்க வேகம்தான் அதனால் போக முடியும். 12 அடிப் படகு என்றால் மணிக்கு எட்டு அல்லது ஒன்பது கிலோமீட்டர். இந்த வேகத்துக்கு இரண்டு, மூன்று குதிரைசக்தியே தாராளம்.

அதே படகில் பத்துக் குதிரைசக்தியை மாட்டினால் நாலு மடங்கு வேகம் வருமா? வராது. மூக்கு மேலே தூக்கும். பின்பக்கம் தண்ணீரில் அமுங்கும். அடி தட்டையாக, பாரம் குறைவாக இருந்தால் படகு தண்ணீர் மேல் எழும்பி வழுக்கிக் கொண்டு ஓடும். அப்போது வேகம் வரும். அந்த வேகத்தில் திருப்பத் தெரியாதவர் திருப்பினால் ஆளைத் தூக்கி வெளியே எறிந்துவிடும். முதல் ஆண்டில் அது வேண்டாம்.

எடையையும் பாருங்கள். இரண்டரைக் குதிரைசக்தி மோட்டார் இன்று இருபது கிலோவுக்குள் கிடைக்கிறது. ஒருவர் தூக்கி மாட்டலாம். பத்துக் குதிரைசக்தி என்றால் நாற்பது கிலோவை ஒட்டி வரும். இந்தப் பாரம் முழுவதும் படகின் பின் பலகையில் தொங்கும். ஓட்டுகிறவரும் அங்கேதான் உட்காருவார். பெட்ரோல் டப்பாவும் அங்கேதான். சின்னப் படகு பின்னால் உட்கார்ந்துவிடும். ஓடிக் கொண்டிருந்த மோட்டாரைத் திடீரென்று நிறுத்தினால், துரத்தி வந்த அலை பின் பலகை மேலேறி உள்ளே குதிக்கும்.

மோட்டாரின் கால் நீளத்தையும் கேட்டு வாங்க வேண்டும். பொதுவாக 15 அங்குலம், 20 அங்குலம் என்று இரண்டு வகை வரும். படகின் பின் பலகை உயரத்தை நாடா வைத்து அளந்து கொண்டு கடைக்குப் போவது நல்லது. விசிறிக்கு மேலே ஒரு தட்டையான தகடு இருக்கும். அது படகின் அடிப்பாகத்துக்குச் சரியாகவோ சற்றுக் கீழாகவோ நிற்க வேண்டும். கால் குட்டையானால் விசிறி காற்றைக் கடைந்து அலறும். நீளமானால் குளத்துச் சேற்றை உழும்.

பெட்ரோல் மோட்டாரில் இரண்டு வகை. ஒன்றுக்குப் பெட்ரோலில் எண்ணெய் கலக்க வேண்டும். மற்றொன்றுக்கு எண்ணெய் தனி. கலக்கிற வேலையை மறப்பவர் உண்டு. ஒரு நாள் மறந்தால் மோட்டார் போயிற்று. ஆகவே புதியவருக்கு இரண்டாவது வகை நிம்மதி. அது கொஞ்சம் விலை கூடும், கொஞ்சம் எடையும் கூடும். ஆனாலும் நிம்மதி.

குளத்துக்கும் அமைதியான ஏரிக்கும் பாட்டரி மோட்டாரே மேல். சத்தம் இல்லை, புகை இல்லை, நாரையும் கொக்கும் பறந்து ஓடாது. ஆனால் கணக்குப் போட வேண்டும். 12 வோல்ட், 100 ஆம்பியர்-மணி பாட்டரி ஒன்றை எடுத்துக் கொள்ளுங்கள். ஈய பாட்டரி என்றால் பாதிக்குக் கீழே இறக்கக் கூடாது, ஆயுள் குறையும். ஆகவே கையில் இருப்பது 50. மோட்டார் 25 ஆம்பியர் இழுத்தால் இரண்டு மணி நேரம் ஓடும். அதில் போவதற்கு ஒரு மணி, வருவதற்கு ஒரு மணி என்று பிரிக்கக் கூடாது. திரும்பும்போது காற்று எதிரே இருக்கலாம். அரை மணி போய்த் திரும்பிவிட வேண்டும். பாட்டரியின் எடை முப்பது கிலோ வரை வரும் என்பதையும் மறக்கக் கூடாது.

ஐந்து பேர் ஏறினால்?

படகை எடுத்துக் கொள்வோம். முதல் படகுக்கு 12 அடி நீளம் அளவானது. அகலம் நாலரை அடியாவது வேண்டும். ஒல்லிப் படகு வேகமாக ஓடும். ஆனால் ஒருவர் தும்மினால் ஆடும். அடி தட்டையாக இருந்தால் அமைதியான தண்ணீரில் ஆடாமல் நிற்கும். கடலில் அதே படகு அலை மேல் பட்பட்டென்று அடித்து இடுப்பை ஒடிக்கும். அதனால்தான் முதலில் தண்ணீரைப் பார்க்க வேண்டும் என்பது.

தண்ணீர் நிறைந்தாலும் மிதக்கிற படகாக இருக்க வேண்டும். இருக்கைக்கு அடியில் நுரைப்பஞ்சோ மூடிய காற்றறையோ உண்டா என்று கேளுங்கள். கேட்பதோடு நிற்காமல் திறந்து பாருங்கள். பழைய படகானால் பின் பலகையைக் கையால் தட்டிப் பாருங்கள். கணீர் என்று கேட்டால் நல்லது. பொத்தென்று கேட்டால் உள்ளே ஊறிப் போயிருக்கிறது. மோட்டார் தொங்குவது அந்தப் பலகையில்தான். வண்ணம் பூசி மறைக்க எளிதான இடமும் அதுதான்!

இனி பாரம். "அஞ்சு பேர் போகலாம்" என்று விற்பவர் சொல்வார். பேரைக் கேட்காதீர்கள், கிலோவைக் கேளுங்கள். அத்தான், அக்காள், தம்பி மூவருக்கும் ஆளுக்கு 75 கிலோ. மூவருக்கும் 225. இரண்டு குழந்தைகளுக்கு 60. மோட்டார் 20. பெட்ரோல், கயிறு, தண்ணீர்க் குடம், சோற்று மூட்டை எல்லாம் சேர்த்து 20. மொத்தம் 325. படகு 300 கிலோ தாங்கும் என்றால் ஒருவர் கரையில் நிற்க வேண்டும். யார் நிற்பது என்று குடும்பத்தில் சண்டை வரலாம். வரட்டும்; அது கரையில் வருகிற சண்டை.

நடந்தவை

இத்தனை எச்சரிக்கை எதற்கு என்று சிலர் கேட்பார்கள். நடந்தவற்றைப் பார்த்தால் கேட்க மாட்டார்கள்.

2011ஆம் ஆண்டு டிசம்பர் 25. பழவேற்காட்டில் விடுமுறைக்கு வந்த குடும்பத்தினர் படகில் போனார்கள். படகு கவிழ்ந்து 22 பேர் இறந்தார்கள். பெண்களும் குழந்தைகளும் அதில் உண்டு.

2009ஆம் ஆண்டு செப்டம்பர் 30. தேக்கடி ஏரியில் சுற்றுலாப் படகு சாய்ந்தது. 45 பேர் மாண்டார்கள். காட்டு விலங்கைப் பார்க்க மக்கள் ஒரே பக்கம் திரண்டதும், படகின் நிலை சரியில்லாததும் அதன் பிறகு பேசப்பட்டன.

2023ஆம் ஆண்டு மே 7. கேரளத்தில் தானூர். மீன்பிடி படகைச் சுற்றுலாப் படகாக மாற்றி ஓட்டியிருந்தார்கள். அளவுக்கு மேல் ஆள் ஏற்றினார்கள். 22 உயிர் போயிற்று. மீனுக்காகக் கட்டிய படகு மேல் மாடியில் நிற்கும் மனிதருக்காகக் கட்டியது அல்ல. நீண்டகரையில் கண்ட உண்மையும் இதுதான்: எதற்காகக் கட்டினார்களோ அதற்குத்தான் படகு.

இவை பெரிய படகுகள், சின்னப் படகுக்கு இந்தப் பயம் இல்லை என்று சொல்வது தவறு. சின்னப் படகில் ஒரு குழந்தை எழுந்து நின்றாலே போதும்.

ஆகவே உயிர்காப்பு மேலங்கிக்குப் பணம் ஒதுக்கிவிட்டுத்தான் மோட்டாரைப் பற்றிப் பேச வேண்டும். குழந்தைக்குப் பெரியவர் அங்கியைப் போடக் கூடாது. தண்ணீரில் விழுந்தால் அங்கி மேலே மிதக்கும், குழந்தை கீழே நழுவிப் போகும். எடைக்குத் தக்க அங்கி, கால்களுக்கு இடையே வரும் வார், தோளில் ஒரு விசில். குற்றாலத்தில் இதைக் கொடுத்தால் "நாத்தம் அடிக்குது", "புழுங்குது" என்று கழற்றி மடியில் வைத்துக் கொள்கிறவர்கள் உண்டு. போட்டோவுக்கு அழகாக இல்லை என்று கழற்றுகிறவர்களும் உண்டு. கழற்றியவரைக் கரைக்குத் திருப்பிக் கொண்டு வந்துவிட வேண்டும். அதில் தயவு காட்டக் கூடாது.

மோட்டாரில் சிவப்புக் கயிறு ஒன்று தொங்கும். அது அலங்காரம் அல்ல. ஓட்டுகிறவர் கையில் மாட்டிக் கொள்ள வேண்டும். அவர் தண்ணீரில் விழுந்தால் கயிறு இழுபட்டு மோட்டார் நின்றுவிடும். இல்லையென்றால் ஆள் இல்லாத படகு வட்டம் போட்டு, விழுந்தவர் மீதே விசிறியோடு வரும்.

படகு கவிழ்ந்தால் நீந்திக் கரைக்குப் போகப் பார்க்கக் கூடாது. கரை பார்க்கிற தூரத்தை விடத் தொலைவில் இருக்கும். கவிழ்ந்த படகையே பிடித்துக் கொண்டு விசில் ஊத வேண்டும். தனியாக மிதக்கும் தலையை யாரும் காண முடியாது. படகைக் காண முடியும்.

இதை எங்கே பழகுவது?

வெண்ணமடைக் குளத்திலேயே பழகலாம். பணம் அதிகம் இல்லை. பத்துத் தடவை ஏறினாலும் ஒரு மோட்டாரின் விலையில் ஒரு மூலைக்கு வராது. பார்த்துக் கொள்ள ஆள் உண்டு. ஆனால் சுற்றிப் பார்க்க ஏறுவது வேறு, பழக ஏறுவது வேறு. மிதிபடகில் ஏறக் கூடாது. துடுப்புப் படகில் ஏற வேண்டும்.

துடுப்பைப் பிடித்தவுடன் படகு சுற்றும். வலக்கை பலம், இடக்கை பலவீனம். இரண்டும் ஒத்துப் போக ஒரு நாளாவது ஆகும். எதிர்க்கரையில் ஒரு பனையைக் குறி வைத்துக் கொண்டு கோணாமல் போகப் பழக வேண்டும். பிறகு காற்றுக்கு எதிரே போக வேண்டும். முதலில் எதிர்க்காற்றில் போய்விட்டால், களைத்த பிறகு காற்றே வீட்டுக்குக் கொண்டு வந்துவிடும். மாறிப் போனவர் மாட்டிக் கொள்வார். இடம் மாறி உட்காரும்போது எழுந்து நிற்காமல், குனிந்து, நடுவில் கால் வைத்து, ஒருவர் பின் ஒருவராக மாறப் பழக வேண்டும். கரையை இடிக்காமல் வந்து சேர்வதும் ஒரு வித்தை. மேகம் கறுத்தால் ஏறவே கூடாது என்பதைக் குற்றாலத்துக்காரருக்குச் சொல்ல வேண்டியதில்லை. 2024ஆம் ஆண்டு மே 17 அன்று பழைய குற்றாலத்தில் திடீர் வெள்ளம் வந்து ஒரு சிறுவனைக் கொண்டு போனதை இந்த ஊர் பார்த்திருக்கிறது.

மோட்டார் நின்றுவிட்டால் கையில் மிஞ்சுவது துடுப்புத்தான். துடுப்புப் போடத் தெரியாதவர் படகில் மோட்டார் நிற்பதும், பாகன் இல்லாத யானை மேல் உட்காருவதும் ஒன்று. துடுப்பால் படகைத் திருப்பவும் நிறுத்தவும் கற்றவருக்கு மோட்டார் ஓட்ட ஒரு பொழுது போதும். மோட்டாரில் தொடங்கியவர் கடைசி வரை துடுப்பைக் கற்பதில்லை.

ஒரு சீசன் இப்படிப் பழகட்டும். இரண்டாவது சீசனிலும் ஆசை குறையாமல் இருந்தால் 12 அடிப் படகு ஒன்றைத் துடுப்போடு வாங்கட்டும். மூன்றாவது ஆண்டில் மோட்டார். அதுவும் இரண்டரைக் குதிரைசக்தி. இரண்டாவது சீசனிலேயே ஆசை தீர்ந்து போகிறவர்கள்தான் பாதிப் பேர். அவர்களுக்கு மிச்சமான பணத்தில் வீட்டுக்குக் கொல்லைச் சுவர் கட்டலாம்.

துபாய்த் தம்பி மறுநாள் அத்தானோடு மறுபடியும் குளக்கரைக்கு வந்தார் என்று வைத்துக் கொள்ளுங்கள். துடுப்புப் படகு கேட்டார். ஏறினார். பனைமரத்தைப் பார்த்துத் துடுப்புப் போட்டார். படகு வட்டம் போட்டு, புறப்பட்ட படித்துறைக்கே வந்து முட்டிற்று. கரையில் இருந்த அக்காள் வாயில் முந்தானையை வைத்துக் கொண்டு சிரித்தார்.

"மாப்ள, மோட்டாருக்கு இப்பவே பணம் கட்டிருவமா?" என்றார் அத்தான்.

"சும்மா இருங்க அத்தான். இடது கைய நல்லா வலிக்கணும். இன்னொரு டிக்கெட் எடுங்க."